மாடத்தில் இருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர்

நாற்காலி கொடுத்ததற்கு நன்றி. இருபத்தாறு வருடம் நின்றபடியே எழுதியவன் நான். உட்கார்ந்து பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. அவர் முன்னால் யாரும் உட்காரக் கூடாது என்பது கோட்டையின் விதி. விதியைப் போட்டது யார் என்று கேட்டால் அவருக்கே ஞாபகம் இருக்காது. அங்கே பாதி விஷயம் அப்படித்தான் நடந்தது.

விசாரணையில் நீங்கள் மூன்று கேள்வி கேட்டீர்கள். சக்கரம் செய்கிறவர்களைச் சுரங்கத்தில் இறக்கச் சொன்ன ஆணையை அனுப்பியது யார், சுரங்கத்தைத் திறக்கச் சொன்ன ஆணையை அனுப்பாமல் வைத்திருந்தது யார், அந்த மூன்று வருடமும் அவரிடம் பொய் சொன்னது யார். மூன்றுக்கும் பதில் ஒன்றுதான். அதை மட்டும் எழுதிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். ஒரே சொல்லில் சொன்னால் நான் ஏதோ பெரிய பாவி மாதிரித் தெரிவேன். காரணங்களையும் சேர்த்து எழுதினால் அவ்வளவு மோசமாக இருக்காது.

நீங்கள் அவரை நிழலரசன் என்கிறீர்கள். கோட்டையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நாங்கள் ‘மேலே’ என்போம். “மேல இன்னைக்கு எப்படி இருக்கு?” என்று சமையல்கட்டில் கேட்பார்கள். “இன்னும் இடி இறங்கல” என்பேன். உங்கள் ஊர்ப் பாட்டுகளில் அவர் மலையை நொறுக்குகிறார், ஆற்றைக் குடித்து வற்றவைக்கிறார். நான் பார்த்தவருக்கு முழங்கால் வலி. முந்நூறு வருடமாக ஒரு மனிதர் கல் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தால் வேறு என்ன வரும்? முகத்தில் இரும்பு முகமூடி. அது தோலோடு ஒட்டிப் போய் வெகுகாலம் ஆகிறது. தூக்கம் கிடையாது. கீழே கொட்டடியில் கட்டியிருந்த பறக்கும் மிருகங்களின் நாற்றம் காற்று திரும்பினால் மேலே வரைக்கும் வரும். அதற்கு மட்டும் அவர் எங்களைப் போலவே முகம் சுளிப்பார். முகமூடிக்குள் சுளிப்பது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். இருபத்தாறு வருடம் பார்த்தால் தெரியும்.

என் வேலை, அவர் சொல்வதை எழுதுவது. முந்நூற்றுப் பன்னிரண்டு படி. கடைசித் திருப்பத்துக்கு மேலே என்னைத் தவிர யாரும் வரக் கூடாது, தளபதி உட்பட. தளபதி அந்தத் திருப்பத்திலேயே நின்று என்னிடம் சேதி சொல்வார், நான் மேலே போய்ச் சொல்வேன். மேலே சொல்வதை எழுதிக்கொண்டு வந்து அவரிடம் கொடுப்பேன். எனக்கும் தளபதிக்கும் ஆகாது. அவர் ஆயிரம் பேரை வெட்டியவர், ஆனால் ஒரு எழுத்தருக்காகப் படியில் காத்து நிற்க வேண்டியிருந்தது. அந்த எரிச்சல் அவருக்குக் கடைசி வரை போகவில்லை.

இப்போது மாடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் எதுவும் புரியாது.

அவருக்குக் கோபம் வந்தால் மைக்கூட்டில் மை கொதிக்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே குமிழி விடும். அந்த மையில் எழுதிய காகிதம் கையைச் சுடும். இதோ, கட்டைவிரலில் பாருங்கள், தழும்பு. சுட்ட காகிதத்தை அப்படியே யாரிடமும் கொடுக்க முடியாது என்பதால் எனக்கு முன்னால் இருந்த எழுத்தர் ஒரு பழக்கம் வைத்தார். படிக்கட்டுச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. எழுதியதை அதில் வைப்பது. மறுநாள் காலையில் ஆறின காகிதத்தை எடுத்துப் போய் அவர் முன்னால் திரும்பப் படிப்பது. அவர் ஒற்றை விரலைத் தூக்கினால் ஆணை கீழே போகும். தூக்காவிட்டால் அடுப்புக்குப் போகும். பத்துக்கு எட்டு அடுப்புக்குத்தான் போயிற்று. “இத நானா சொன்னேன்?” என்று கேட்பார். “ஆமாங்க ஐயா” என்பேன். “வேண்டாம்” என்பார். ஒரு ஊர் பிழைத்துவிடும்.

இப்படிப் பிழைத்த ஊர்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியாது. அடுப்பில் போன காகிதத்துக்குச் சாட்சி ஏது? என் கணக்குக்கு இருநூறு ஊருக்குக் குறையாது. உங்களுடையதும் அதில் இருக்கலாம். அதற்காக நான் யாரிடமும் நன்றி கேட்டதில்லை.

வீட்டில் மட்டும் சொல்லியிருந்தேன். எங்கள் ஊர் கோட்டையிலிருந்து இரண்டு நாள் வழி. அம்மா தையல் வேலை செய்கிறவள். அண்ணன் வண்டிச் சக்கரம் செய்கிறவன். அப்பா போன பிறகு அண்ணன்தான் என்னைப் படிக்க வைத்தான். அதைச் சொல்லிக்காட்ட மாட்டான், சொல்லிக்காட்டாமல் இருப்பதையே சொல்லிக்காட்டுவான். வருடத்துக்கு ஒரு தடவை விடுப்பில் போகும்போது மாடத்தின் கதையைச் சொல்வேன். அம்மா வாய் பிளந்து கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு, “எம் புள்ள கைல எத்தன உசுரு இருக்கு தெரியுமா?” என்பாள். எனக்கு அது போதும். எனக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததில்லை. கல்யாணம் கூடச் செய்துகொள்ளவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை போனேன். என் கறுப்பு அங்கியின் வலது கை, எழுதுமேசையில் உரசி உரசி முழங்கையில் கிழிந்திருந்தது. கோட்டையில் தையல்காரர்கள் இருந்தார்கள். ஆனாலும் அம்மா தைப்பதற்காக அதை அப்படியே வைத்திருந்து கொண்டுபோனேன். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நூல்கண்டு. அங்கியைக் கையில் வாங்கினாள், கிழிசலைப் பார்த்தாள், அப்படியே மடித்து என்னிடமே நீட்டினாள்.

“நூல் இல்லடா” என்றாள்.

மடியில் நூல்கண்டு இருந்தது என்று சொன்னேன் இல்லையா? கறுப்பு நூல்தான்.

விஷயம் பிறகு தெரிந்தது. அண்ணன் அவளிடம் பேசியிருக்கிறான். பத்தில் எட்டு அடுப்புக்குப் போகிறது, சரி, மீதி இரண்டு எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறான். அந்த இரண்டையும் எழுதுகிற கை எது என்று கேட்டிருக்கிறான். கோட்டைக்குச் சக்கரம் செய்து தர மாட்டேன் என்று அவன் அப்போதே வேலையை மறுத்திருந்தான். ஊரில் மற்றச் சக்கரக்காரர்களும் அவன் பின்னால் போய்விட்டார்கள். நாற்பத்தொரு பேர். அன்று சாப்பிடும்போது அவனிடம் நேராகவே கேட்டேன்.

“அம்மாகிட்ட என்ன சொன்ன?”

“உள்ளதச் சொன்னேன். ஏன், அது ரகசியமா?”

“நான் இல்லன்னா அந்தப் பத்துமே போயிருக்கும்.”

“தெரியுமே. அதனாலதான் ரெண்டு போறப்ப உனக்கு உறுத்தறதில்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவனுக்கு எதையும் சிரித்துக்கொண்டு சொல்ல வரும். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்ப வரவில்லை. நான் கிளம்பும்போதும் வாசலுக்கு வரவில்லை. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அந்த வயதில் ஒருவன் வழியெல்லாம் அழுதுகொண்டே போனான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள், அதனால் அதை எழுத வேண்டாம்.

ஏழெட்டு மாதம் கழித்து, எங்கள் ஊர் சக்கரம் தரவில்லை என்ற சேதி மேலே போனது. நான்தான் கொண்டுபோனேன். தளபதி சொன்னதில் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள். மேலே இருந்தவருக்குக் கோபம் எகிறியது. மை கொதித்து மேசையில் வழிந்தது. “சக்கரக்காரன் ஒருத்தன் விடாம சுரங்கத்துல எறக்கு” என்றார். எழுதினேன். காகிதத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

மாடம் அன்று நிறைந்திருந்தது. உண்மையாகவே நிறைந்திருந்தது, ஏழெட்டுக் காகிதம் இருந்தன. தளபதி திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். சேதி கொண்டுபோகிற ஓட்டக்காரன் வேறு எங்கோ போகக் குதிரையோடு தயாராக இருந்தான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது, மழை பிடித்தால் இரண்டு நாளைக்குப் பாதை போய்விடும். இப்படி எல்லாம் சேர்ந்துகொண்டது. கொடுத்துவிட்டேன். தளபதி சூடு தாங்காமல் கையை உதறினார், என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தார் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் மேலே போனதும் அவர் கேட்டார்: “நேத்து ஏதாவது கத்தினேனா?”

“இல்லீங்க ஐயா” என்றேன்.

ஓட்டக்காரன் அப்போது பாதி வழிகூடப் போயிருக்க மாட்டான். அவனை எட்டிப் பிடிக்கக்கூடிய வேகமான குதிரை ஒன்று லாயத்தில் இருந்தது. இதை நீங்கள் எப்படியும் கண்டுபிடிப்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அண்ணனை இறக்கிய பிறகு ஒரு தடவை கீழே போய்ப் பார்த்தேன். சுரங்கத்தின் அடியில் ஊறுகிற தண்ணீரை மேலே இறைக்க ஒரு பெரிய சக்கரம் உண்டு. பாறை உடைக்கிற வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அந்தச் சக்கரம் தள்ளுகிற வேலை லேசு. அவனை அதில் போடச் சொன்னது நான். போர்வை ஒன்று கொண்டுபோயிருந்தேன். அவன் போர்வையைப் பார்க்கவே இல்லை.

“மாடத்துல வச்சியா?” என்று கேட்டான்.

நான் போர்வையை மறுபடி மடித்தேன்.

“எங்க காகிதத்த ஆறவிட்டியாடா?”

மழை வருகிற மாதிரி இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த இடத்தில், தலைக்கு மேலே அவ்வளவு பாறையை வைத்துக்கொண்டு, மழை என்ற சொல் வாயில் வரவில்லை. அவன் என்னைப் பார்த்தான். பிறகு வழக்கம்போலச் சிரித்தான்.

“சரி. அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்றான்.

பக்கத்தில் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். எல்லார் காதிலும் விழுந்தது. நான் போர்வையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மாதம் தவறாமல் போர்வையும் காய்ந்த ரொட்டியும் அனுப்பினேன், ஆனால் மறுபடி போகவில்லை. எதற்காகப் போக வேண்டும், சொல்லுங்கள்?

இரண்டு வருடம் போயிற்று.

ஒரு நாள் காலையில் நான் மேலே போனபோது அவர் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

“கீழ என்ன சத்தம்?”

“சுரங்கம்ங்க ஐயா.”

“அதுல யாரு?”

“ஆளுங்க. பிடிச்சுட்டு வந்தவங்க.”

“எத்தன பேரு?”

“ஆயிரத்துத் தொள்ளாயிரம்.”

“எதுக்குப் பிடிச்சோம்?”

ஒவ்வொருவரும் எதற்காக என்று எனக்கும் தெரியவில்லை. ஒரே ஒரு காகிதத்தைத் தவிர மற்றதெல்லாம் மறந்திருந்தது. அவர் ரொம்ப நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு, ஏதோ தட்டில் மீதியிருப்பதை எடுத்துப் போகச் சொல்கிற குரலில், “எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடு. போதும்” என்றார்.

எழுதினேன். மை கொதிக்கவில்லை. காகிதம் சூடாக இல்லை, ஜில்லென்றே இருந்தது. ஆறவைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது என் விரலுக்கே தெரிந்தது. இருந்தாலும் பழக்கம் பழக்கம்தானே. மாடத்தில் வைத்தேன்.

அன்று பகல் முழுக்க யோசித்தேன். எடுத்ததுமே எல்லாரையும் உள்ளே வைத்துக்கொள்ள நினைத்தேன் என்று எண்ணாதீர்கள், நான் அப்படிப்பட்டவன் இல்லை. முதலில் அண்ணன் ஒருவனை மட்டும் நிறுத்திவைக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் சக்கரத்தில் இருந்தவர்கள் அவன் சொன்னதைக் கேட்டவர்கள். அவர்கள் மற்றவர்களிடம் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? ஆகவே எங்கள் ஊர்க்காரர்கள் நாற்பத்தொரு பேரும் இருக்க வேண்டும். சரி, மீதிப் பேரை விட்டால், வெளியே போகிறவன் முதல் வேலையாக என்ன சொல்வான்? இன்ன ஊர்க்காரர்களை மட்டும் விடவில்லை என்பான். ஏன் விடவில்லை என்று நாலு பேர் கேட்பார்கள். கேள்வி அம்மா வீட்டு வாசல் வரை போகும். இப்படி ஒவ்வொரு பக்கமாக அடைத்துக்கொண்டே வந்தேன். சாயங்காலம் பார்த்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரும் உள்ளேயே இருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் நான் எடுத்த முடிவு சரியானதுதான், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் அந்தக் காகிதத்தைத் தவிர மற்றதைப் படித்தேன். அவர் கேட்கவில்லை. அது போயிருக்கும் என்று நினைத்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, “போனாங்களா?” என்றார்.

“போனாங்க ஐயா.”

“இன்னும் சத்தம் கேக்குதே.”

“சுரங்கத்த மூடற வேல நடக்குதுங்க.”

சுரங்கத்தை மூட மூன்று வருடம் ஆகாது என்பது யாருக்கும் தெரியும். அதனால் காற்று முழங்காலுக்கு ஆகாது என்று சொல்லி, அவர் அனுமதியோடு ஒரு கொத்தனை மேலே வரவழைத்து அந்த ஜன்னலைக் கல் வைத்து அடைத்துவிட்டேன். கொத்தன் வேலை செய்த இரண்டு நாளும் அவரை அடுத்த அறையில் உட்காரவைத்துப் பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் கதைகள் ஆரம்பித்தன. “வீட்டுக்குப் போனவங்க எப்படி இருக்காங்க?” என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் தலையை முன்னால் நீட்டிக்கொண்டு கேட்டார். முந்நூறு வருடத்தில் அவரிடம் யாரும் ஒரு நல்ல சேதி சொன்னதில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. சொன்னேன். ஒரு தச்சன் வீட்டுக்குப் போனான், அவன் பெண் அவனை அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்திவிட்டாள், அவன் வாசலில் உட்கார்ந்து அவள் சின்ன வயதில் கேட்ட பாட்டை முணுமுணுத்தான், கதவு திறந்தது. அவர் அசையவே இல்லை. “அப்புறம்?” என்றார்.

அதன் பிறகு தினமும் ஒன்று. எனக்குக் கற்பனை உண்டு என்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. மீன்காரன், கொல்லன், இரட்டைப் பிள்ளைகள், ஊமைக் கணவன் ஒருவன். சுரங்கத்துப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையாக ஒவ்வொருவரையும் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். அதில் யார் செத்துப் போயிருக்கிறார்கள் என்று பட்டியலிலேயே கோடு போட்டிருக்கும். கோடு போட்டவர்களையும் விட்டுவிடவில்லை. எல்லாரையும் சமமாகத்தான் நடத்தினேன்.

இதில் ஒன்றை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதைகளைக் கேட்கக் கேட்க அவருக்குக் கோபம் வருவது குறைந்தது. மை கொதித்து மாதக்கணக்கு ஆனது. முகமூடி ஓரத்தில் தளர்ந்து, கன்னத்துத் தோல் வெளுப்பாகத் தெரிந்தது. ஆசனத்தில் சாய்ந்து கண்ணயர்ந்ததைக்கூட ஒரு நாள் பார்த்தேன். அந்த மூன்று வருடம் உங்கள் ஊர்களில் ஒன்றாவது எரிந்ததா? எரியவில்லை. யாரால்? எழுத வேண்டுமானால் எழுதுங்கள், நான் வற்புறுத்தவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலையில் நான் படியேறும்போது தளபதி திருப்பத்தில் நின்றிருந்தார். அவரிடம் அன்று சேதி எதுவும் இல்லை. என்னைப் பார்த்து, “சக்கரத்துல இருந்த உங்க அண்ணன் போயிட்டாரு. நேத்து. நெஞ்சுல சளி” என்றார். பிறகு, அந்த மனிதரிடம் நான் எதிர்பார்க்காத விதமாக, “உக்காந்துட்டுப் போங்க” என்றார். நான் உட்காரவில்லை. மேலே போக வேண்டிய நேரமாகிவிட்டது.

போனேன். “இன்னைக்கு யாரு?” என்று கேட்டார்.

“சக்கரம் செய்யறவர் ஒருத்தருங்க ஐயா.”

அண்ணனை அனுப்பினேன். அவனைத்தான் கிட்டத்தட்ட மூன்று வருடமாகத் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். இரண்டு நாள் வழியையும் அவனை நடக்கவைத்தேன். ஆற்றில் குளிக்கவைத்தேன். ஊர் எல்லையில் நாய்கள் குரைத்துவிட்டு, பிறகு வாலாட்டின. அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா என்ன சொன்னாங்க?” என்று அவர் கேட்டார்.

“ஒண்ணும் சொல்லலீங்க. சட்டைக் கை கிழிஞ்சிருந்தது. உக்கார வச்சு, உடம்புல இருக்கறப்பவே தைச்சுக் குடுத்தாங்க.”

“தம்பி இருந்தானா அவனுக்கு?”

“இருந்தான்ங்க ஐயா.”

“தம்பியப் பத்திக் கேட்டாங்களா?”

கேட்டார்கள் என்றேன். நல்லபடியாக இருக்கிறான் என்று அண்ணன் சொன்னதாகச் சொன்னேன். தம்பிதான் என்னை அனுப்பிவைத்தான் என்று அண்ணன் சொன்னதாகச் சொன்னேன். அவ்வளவு பெரிய அறையில் நான் நின்றபடியே தேம்பித் தேம்பி அழுதேன். அவர் எழுந்து வந்தார், முழங்கால் வலியோடு. என் தோளில் கை வைத்தார். ஊர்களை அழித்த கை அது. எனக்கு அன்றைக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

பிறகு உங்கள் படை வந்தது. தளபதி மிருகங்களை அவிழ்க்க அனுமதி கேட்டு ஆள் மேல் ஆள் அனுப்பினார். நான் மேலே போய்ச் சொன்னபோது அவர் சிரித்தார். முகமூடியைக் கழற்றிவிட்டார். உள்ளே இருந்தது ஒரு சாதாரணக் கிழவரின் முகம். “எதுக்கு மிருகம்? வீட்டுக்குப் போனவங்க சொல்லியிருப்பாங்க இல்ல? வா, போய்ப் பேசுவோம்” என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு படியையும் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

எங்கேயாவது ஒரு படியில் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு இடம் இருந்தது என்று எனக்கும் தெரியும்.

வாசலில் உங்கள் ஆட்கள் வேலோடு நின்றார்கள். அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, “உங்க ஆளுங்களத்தான் எப்பவோ அனுப்பிட்டேனே” என்றார். முன்வரிசையில் நின்றவர்களுக்குச் சுரங்கத்தின் சத்தம் அந்த இடத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தது. தங்களைக் கேலி செய்கிறார் என்று நினைத்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். முதல் வேல் பாய்ந்த பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“போனாங்கதானே?” என்றார்.

“போனாங்க ஐயா” என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்ல முடியும்?

அன்று மதியம் நீங்கள் சுரங்கத்தைத் திறந்தீர்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வெளியே வந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரும் நேராக அம்மா வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். பரவாயில்லை, சொல்ல வேண்டியதை யாராவது சொல்லத்தான் வேண்டும்.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இதுதான், எழுதிக்கொள்ளுங்கள். முதல் காகிதம் சூடாக இருந்தபோதே அனுப்பினேன், அண்ணன் அதில் இருக்கிறான் என்று தெரிந்தே அனுப்பினேன். இரண்டாவது காகிதத்தை மூன்று வருடத்துக்கு எட்டு நாள் குறைவாக மாடத்தில் வைத்திருந்தேன். அவன் வெளியே வந்து அம்மாவிடம் பேசிவிடக் கூடாது என்பதற்காக மட்டும்தான் வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் செத்தவர்கள் ஆயிரத்து இருநூற்று எண்பத்தெட்டுப் பேர். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

அம்மா வந்து வெளியே இருக்கிறாள் என்று காவலாளி சொன்னார். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாளாம், உள்ளே வர மாட்டேன் என்கிறாளாம். கோபம் இருக்கும். வயதான மனுஷி, ஒன்பது பேர் ஒன்பது விதமாகச் சொல்லியிருப்பார்கள். அவளிடம் நீங்கள் போய் ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் சாதாரணமாக ஒருவன் இரண்டு வருடம் தாங்குவான். அண்ணன் நாலரை வருடத்துக்கு மேல் தாங்கினான். சக்கரத்தில் போட்டது யார், மாதம் தவறாமல் போர்வை அனுப்பியது யார் என்று சொல்லுங்கள். அவனை அத்தனை நாள் உயிரோடு வைத்திருந்தது நான்தான். அதற்காக அவள் எனக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. உள்ளே வந்து ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தால் போதும்.